கழுத்துக்கு மேலே மட்டும்

சட்டையில் பெயர்ப்பட்டையைக் குத்தும்போது
இவருக்குக் கை நடுங்குகிறது.
காலை ஆறரைக்கு நான்தான் குத்திவிடுகிறேன்,
பிறகு என்னுடையதை.
முப்பத்தொன்பது வருடத்துக்கு முன்
தாலி கட்டும்போதும் நடுங்கியது.
முடிச்சைச் சரிசெய்தது நாத்தனார்.

ஊழியம் என்றால் மேடை, மைக், பொன்னாடை
என்று நினைத்திருக்கிறான் என் தம்பி.
தோ பாயோவில் இளம் ஊழியர்கள் நால்வர் தங்கும் வீட்டில்
மூட்டைப்பூச்சி.
மெத்தைக்காக மூன்று கடை ஏறி இறங்கினோம்.
ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக இருந்தவர் இவர்.
ரசீதை நான்காக மடித்து வேதாகமத்தில் வைக்கிறார்,
புலம்பலுக்கும் எசேக்கியேலுக்கும் நடுவில்.
அங்கே தொலையாதாம்,
அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவாம்.

புக்கிட் பாத்தோக், பதினோராம் மாடி.
ஒரு கட்டில், ஒரு மேசை, கறகறக்கும் காற்றாடி.
கல்யாணமான நாள்தொட்டு
மாமியார், கொழுந்தன்கள், பிள்ளைகள்,
பிள்ளைகளைத் தேடிவரும் பிள்ளைகள்.
ஒரு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருப்பது
இதுதான் முதல் தடவை.
பல்லில்லாத தேனிலவு என்றேன்.
பல்செட்டைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.
பதினெட்டு மாதத்தில் ஏழு போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை துவாஸிலிருந்து யாரோ போன் செய்தார்கள்,
தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் மட்டும்.
ஜூரோங் ஆஸ்பத்திரி, ஆறாம் வார்டு.
விருத்தாசலத்துப் பையன், வீரபாண்டி.
எங்கள் சபை இல்லை, எந்தச் சபையும் இல்லை,
கழுத்தில் கறுப்புக் கயிறு.
நான் நர்ஸாக இருந்தவள்.
கட்டின் பருமனைப் பார்த்தாலே
உள்ளே எத்தனை விரல் மிச்சம் என்று தெரியும்.

ஜெபிக்கலாமா தம்பி, என்றார் இவர்.
"அப்புறம் பண்ணலாம்யா.
மொதல்ல இந்த போனைப் பிடிங்க.
கழுத்துக்கு மேல மட்டும் தெரியணும்."

பிடித்தார்.
திரையில் ஒருத்தி, இடுப்பில் குழந்தை.
"ஏன் இப்படி ஆடுது?"
"பஸ்ஸுல வர்றேன்."

பின்னால் சலைன் பாட்டில் தொங்குகிறது.
எழுந்துபோய் அதை மறைத்து நின்றேன்,
ஸ்டாண்டைப் பஸ் கம்பி போலப் பிடித்துக்கொண்டு.
இவர் வாயைத் திறந்து மூடினார்.
பத்துக் கட்டளையில் ஒன்பதாவது
அவர் தொண்டையில் ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.
"பக்கத்துல யாரு?"
"நம்ம ஊர்க்காரங்கதான்."
எங்களுக்கு மார்த்தாண்டம்.
அதுவும் பொய்தான், கொஞ்சம்.
குழந்தைக்குச் சளியாம். ரேஷன் கார்டில் பெயர் தப்பாம்.
இவன் எல்லாவற்றுக்கும் சிரித்தான்.
போனை வைத்த பிறகு
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

எம்ஆர்டியில் ஒரே ஒரு ஸ்டேஷன்.
அதையும் விட்டுவிட்டோம்.
புக்கிட் கோம்பாக்கில் முழித்துக்கொண்டு நின்றபோதுதான்
ஜெபிக்காமலே வந்தது நினைவு வந்தது.
திரும்பிப் போகலாமா என்றார்.
பார்வை நேரம் முடிந்திருந்தது.
மூங்கில் கழியில் காயப்போட்ட போர்வை
மழையில் நனைந்து தொங்கியது.
லிஃப்டில் உதடு அசைந்துகொண்டே வந்தார்.

ஞாயிறு இரவு வார அறிக்கை.
சந்திப்பு: ஒன்பது.
பயணச் செலவு: பதினான்கு வெள்ளி இருபது காசு.
'குறிப்புகள்' என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து வெகுநேரம் இருந்தார்,
ஒரு புள்ளி விழும்வரை.

இப்போது கண்ணாடி முன்னால் நிற்கிறார்,
என் போனை நீட்டிப்பிடித்து,
முழங்கையை விலாவில் ஊன்றி.
வெள்ளிக்கிழமை அவள் மறுபடி கூப்பிடுவாளாம்.
"ரோஸலின், பாரு. இன்னும் ஆடுதா?"
ஆடுகிறது.
பஸ்தானே, ஆடட்டும் என்றேன்.